முறிந்த தலையும் அறுத்த தலையும்

குழாய் பதிக்கப் பள்ளம் தோண்டிய ஜேசிபி, எங்கள் பக்கத்துத் தண்ணீர் பம்ப் ஹவுஸுக்குப் போகும் மின்கேபிளைக் கிழித்துப் போட்டது. கேரள எல்லையோரம், தனுவச்சபுரத்திலிருந்து செங்கல் என்ற ஊருக்குப் போகும் ரோட்டோரத்தில் நடந்தது அது. நல்ல கோடை. கிணறுகளில் வாளி அடிமண்ணைத் தொட்டுக்கொண்டிருந்த காலம். பம்ப் நின்ற மறுநாளே மேட்டு வீடுகளில் குழாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது.

கேபிளைச் சேர்த்துக் கொடுக்கும் வேலை என் அண்ணனுக்கு வந்தது. காண்ட்ராக்ட் லைசென்ஸ் அவன் பெயரில். வேலையை மேற்பார்வை பார்க்கும் பெர்மிட் என் பெயரில். நாகர்கோவிலில் டிப்ளமோ முடித்த கையோடு அந்தப் பெர்மிட்டை எடுத்தேன். வீட்டிலிருந்து ஒரு கையெழுத்து கிடைக்குமே என்றுதான் அண்ணன் ஆரம்பத்தில் என்னைச் சேர்த்துக்கொண்டான். நான் தினமும் குழியில் வந்து நிற்பேன் என்று அவன் நினைக்கவில்லை.

மண்ணுக்கடியில் போகும் கேபிளைச் சேர்ப்பது வீட்டு வயரை முறுக்கி டேப் ஒட்டுவதைப் போன்றதல்ல. உள்ளே பெருவிரல் கனத்தில் மூன்று அலுமினியக் கம்பிகள் உண்டு. ஒவ்வொரு கம்பியின் இரு முனைகளையும் கனெக்டர் என்ற உலோகக் குழலுக்குள் எதிரெதிராக நுழைத்து, மேலே உள்ள போல்ட்களைச் சாக்கெட் ஸ்பேனரால் முறுக்க வேண்டும். வேண்டிய இறுக்கம் வந்ததும் அந்த போல்ட்டின் தலை தானாக முறிந்து கையோடு வந்துவிடும். முறியவில்லை என்றால் இறுக்கம் போதவில்லை என்று அர்த்தம். அந்த இடம் கரண்டு ஓடும்போது சூடாகும். சூட்டில் விரியும், ஆறினால் சுருங்கும், சுருங்கும்போதெல்லாம் இன்னும் கொஞ்சம் தளரும். மேலே மண் மூடிக் கிடப்பதால் யாருக்கும் தெரியாது. தெரியும் நாளில் ரோடு வெடித்திருக்கும்.

எங்கள் ஃபிட்டர் அம்பூரிக்காரர். இளம் வயதிலேயே ரப்பர் வெட்டும் வேலையை விட்டுவிட்டுக் கேபிளுக்கு வந்தவர். நான் அவரைச் சேட்டா என்று கூப்பிடுவேன், அவர் சின்னப் பிள்ளையைக் கூப்பிடுவதுபோல் என்னைக் கொச்சே என்பார். நல்ல கைக்காரர். கேபிளின் தோலை அவர் உரிக்கும்போது உள்ளே ஒரு கீறல் விழாது. இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் நான் சொல்லப்போவதைக் கேட்டு அவரை வேலை தெரியாதவர் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

கிழிந்த பகுதியை வெட்டி எறிந்துவிட்டு, புதுத் துண்டு ஒன்றை நடுவில் வைத்து இரு பக்கமும் சேர்க்க வேண்டியிருந்தது. முதல் இணைப்பு என் கண்முன் முடிந்தது. இரண்டாவது நடக்கும்போது மின் அலுவலகத்து ஓவர்சியர் பம்ப் ஹவுஸ் பக்கம் கூப்பிட்டார். பேசிவிட்டுத் திரும்பினால், சேட்டா கேஸ் டார்ச்சைப் பற்றவைத்துக் இணைப்பை மூடும் கறுப்பு உறையைச் சூட்டில் சுருக்கத் தயாராக இருந்தார். நான் குனிந்து பார்த்தேன். நடுக் கம்பியின் கனெக்டரில் ஒரு போல்ட் மட்டும் பளபளத்தது. தானாக முறிந்த இடம் மங்கலாக, சொரசொரப்பாக இருக்கும். இது வழவழவென்று, மேலே மெல்லிய கோடுகளோடு இருந்தது.

"சேட்டா, இது முறிஞ்சதா, அறுத்ததா?"

அவர் மறைக்கவில்லை. "சாக்கெட் வழுக்கிப்போச்சு கொச்சே. போல்ட்டுக்க மூலையெல்லாம் தேஞ்சுபோச்சு. பிடிமானமே இல்ல. பிளேடு போட்டு அறுத்தேன்."

"முறியாம எப்பிடி அறுக்கலாம்?"

"நல்ல டைட்டாக்கும். எனக்க கைக்குத் தெரியும். முறிஞ்சா என்ன, அறுத்தா என்ன? தலை போச்சுல்லா."

டார்ச்சை அணைக்கச் சொன்னேன். அணைத்தார். அதன்பிறகு நடந்ததற்கெல்லாம் காரணம் அந்த ஒரு சொல்தான் என்று எங்கள் வீட்டில் இப்போதும் சொல்வார்கள். சொல்லட்டும்.

அந்த போல்ட்டை மட்டும் மாற்ற வழியில்லை. தலை போனபின் அதைக் கழற்றப் பிடிமானம் கிடையாது. மூன்று கம்பிகளையும் வெட்டி, கனெக்டரும் உறையும் சேர்ந்து வரும் புது கிட் வைத்து முதலிலிருந்து செய்ய வேண்டும். கேபிளில் வளைத்து விட்டிருந்த மிச்ச நீளம் அதற்குப் போதும். ஆனால் கையில் வேறு கிட் இல்லை. திருவனந்தபுரத்துக் கடையில் எடுக்க வேண்டும், அன்றைக்குக் கடை அடைப்பு. விஷயம் கேட்டு அண்ணன் பைக்கில் வந்து இறங்கினான். குழிக்குள் எட்டிப் பார்த்தான். குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினான்.

"பிள்ளே, எத்தன போல்ட் கெடக்கு அதுல? ஒண்ணே ஒண்ணு. மூடு. நாலு வருசத்துக்கு ஒண்ணும் ஆவாது."

"அது ஆவாதுன்னு நீ எழுதித் தருவியா?"

"எழுதுறது நீயாக்கும். பெர்மிட் ஒனக்குள்ளதுல்லா?"

"அப்பம் நான் எழுதமாட்டேன்."

அவன் சேட்டாவைப் பார்த்து, "நீங்க டார்ச்சப் பத்த வையிங்க" என்றான். சேட்டா லைட்டரைத் தேடினார். நான் குழிக்குள் இறங்கி, கேபிளை மடியில் கிடத்திக்கொண்டு ஈர மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். முன்கூட்டி யோசித்து எதையும் செய்யவில்லை. என் மடியில் நெருப்பு வைக்க மாட்டார்கள் என்று மட்டும் தெரிந்தது.

அதற்குள் மேலே ஆள் சேர்ந்துவிட்டது. கல்லூரி விட்டு பஸ்ஸுக்கு நின்ற பிள்ளைகள், பைக்கை நிறுத்தி வேடிக்கை பார்த்தவர்கள், குடத்தோடு வந்த பெண்கள். மலையாளத்தில் ஒருவர், "இன்னும் தீர்ந்நில்லே?" என்று கேட்டார். முடிந்துவிட்டது, இவள்தான் மூட விடவில்லை என்று யாரோ சொன்னார்கள். பேச்சு சூடாகியது. அந்தக் கூட்டத்தில், ஞாயிற்றுக்கிழமை சபையில் என்னோடு ஒரே பெஞ்சில் உட்காரும் அக்காவும் இருந்தாள். குடத்தை இடுப்பிலிருந்து இறக்கி வைத்துவிட்டுக் குழியின் ஓரத்தில் வந்து நின்றாள்.

"எட்டி, ஒனக்கு என்ன வேணும்? பிள்ளைகளுக்குக் குடிக்க வெள்ளம் இல்ல. நீ மண்ணுல இருந்து சமரம் செய்யுதியா?"

"இத மூடினா இன்னைக்கு வெள்ளம் வரும் அக்கா. ஒரு நாள் பொசுங்கிப் போவும். அப்பம் ஒரு வாரம் வராது. பக்கத்துல ஆள் நின்னா ஆளும் போவும்."

"அது அப்பம் பாக்கலாம்."

"அப்பம் பாக்கியதுக்கு இல்ல நான் இங்க இருக்கியது. இப்பம் பாக்கணும்."

"ஒனக்க வீட்டுல கெணறு உண்டு. அதாக்கும் இந்த வீம்பு."

அது உண்மை. எங்கள் கிணறு அந்த வருடம் வற்றவில்லை. ஆனாலும் நான் எழுந்திருக்கவில்லை. "உண்டு. வந்து கோரிக்கோ. எல்லாரும் வந்து கோரிக்கோங்க. வாசல் தொறந்துதான் கெடக்கு" என்றேன். அக்கா குடத்தை எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டை நோக்கி நடந்தாள். கோபத்தோடுதான் போனாள். அவள் பின்னால் மற்றப் பெண்களும் போனார்கள்.

ஓவர்சியர் வந்து மேலே நின்று, "முடிஞ்சுதா?" என்று கேட்டார். அண்ணன் வாயைத் திறப்பதற்குள் நான், "இல்ல சார், ஒரு போல்ட் சரியில்ல, வெட்டி மறுபடி செய்யணும்" என்று சொன்னேன். அவர் அண்ணனையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தார். "பெர்மிட் உள்ள ஆள் சரின்னு சொல்லாம நான் லைன் சார்ஜ் செஞ்சு கரண்டு விட மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். அதோடு அண்ணனுக்கு வேறு வழியில்லாமல் போயிற்று. கேபிள் முனைகளை நானே வெட்டி, ஈரம் ஏறாமல் பிளாஸ்டிக் சுற்றிக் கட்டினேன். சேட்டா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, நான் கட்டியது சரியில்லை என்று அவிழ்த்து அவரே கட்டினார்.

மறுநாள் காலையில் அண்ணன் கிட் கொண்டுவந்தான். சாக்கெட்டும் புதிது வாங்கி வந்திருந்தான், அதைப் பையிலிருந்து எடுத்துக் குழியின் ஓரத்தில் வைத்துவிட்டுப் போனான். சேட்டா கம்பிகளைப் பிரஷ் போட்டுத் துடைத்து, கிரீஸ் தடவி, கனெக்டரில் நுழைத்தார். கம்பி வளையாமல் இருக்க நான் கனெக்டரை இடுக்கியால் பிடித்துக்கொண்டேன். போல்ட் தலைகள் டக், டக் என்று முறிந்து விழுந்தன. கடைசித் தலை முறிந்ததும், "திருப்தியா?" என்று கேட்டார். "திருப்தி" என்றேன். மதியத்துக்குப் பிறகு பம்ப் ஓடியது. எங்கள் கிணற்றில் அதற்குள் சேறுதான் மிச்சம். அம்மா அதைப் பார்த்துவிட்டு வடிகட்டுவதற்குத் துணி கிழித்தாள்.

இத்தோடு நிறுத்தியிருந்தால் நான் நல்லவளாகியிருப்பேன். நான் நிறுத்தவில்லை.

அதற்குச் சில வாரங்களுக்கு முன், எனக்குக் காய்ச்சல் வந்து படுத்திருந்தபோது, பாறசாலைப் பக்கம் இதேபோல் ஒரு இணைப்பைச் சேட்டா தனியாகச் செய்து மூடியிருந்தார். அன்று எனக்குப் பதிலாக வேறொருவர் வந்து நின்றார், நிற்க மட்டும் செய்தார். அன்றைக்கும் அதே பழைய சாக்கெட்தான். அதைத் தோண்டிப் பார்க்க வேண்டும் என்று அண்ணனிடம் சொன்னேன்.

சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் கையை உதறினான். "ஒனக்குப் பைத்தியமா? ஓடிக்கிட்டிருக்கிற லைன ஆஃப் செஞ்சு, ரோட்ட வெட்டி, நல்ல ஜாயிண்ட அறுத்துப் பாக்கச் சொல்லுதே?"

"நல்லதுன்னு ஒனக்கு எப்பிடித் தெரியும்?"

"கெட்டதுன்னு ஒனக்கு எப்பிடித் தெரியும்?"

"தெரியாது. அதாக்கும் தோண்டச் சொல்லுதேன்."

அவன் மறுத்தான். நான் ஓவர்சியரிடம் போய்ச் சொன்னேன். சொந்த அண்ணனைப் பற்றி மின் அலுவலகத்தில் போய்ச் சொல்வதா என்று உறவில் எல்லோரும் கேட்டார்கள். ஆமாம், சொல்வதுதான். அந்த லைனுக்கு நேர் மேலே பஸ் ஸ்டாப் இருக்கிறது. அண்ணன் என்பதற்காக அங்கே நிற்கும் ஆட்களின் காலடியில் சந்தேகத்தைப் புதைத்து வைக்க என்னால் முடியாது.

ரோட்டை வெட்டினார்கள். உறையைக் கிழித்தார்கள். ஒவ்வொரு போல்ட்டாக நான் பார்த்தேன். எல்லாம் மங்கலாக, சொரசொரப்பாக, முறிய வேண்டியபடி முறிந்திருந்தன. ஒரு குறையும் இல்லை. கனெக்டர் புதிதுபோல் இருந்தது. நல்ல இணைப்பை நாங்கள் வெட்டி எறிந்துவிட்டு இன்னொன்று செய்தோம்.

மேலே நின்றவர்கள் சிரித்தார்கள். சேட்டா சிரிக்கவில்லை. "எனக்க கையை நீ நம்பல்ல இல்லையா கொச்சே?" என்று மட்டும் கேட்டார். நம்பினேன் என்று பொய் சொல்லியிருக்கலாம். "உங்க கையை நம்புதேன் சேட்டா. அந்தச் சாக்கெட்டைத்தான் நம்பல்ல. அன்னைக்கி நீங்க அறுத்தத நான் பாக்காம இருந்திருந்தா, எனக்கு நீங்க சொல்லியிருப்பியளா?" என்று கேட்டேன். அவர் யோசித்தார். கருவிகளைப் பையில் எடுத்து வைத்தார். அதற்குப் பிறகு என்னிடம் பேசியதில்லை. அது எனக்கு வலிக்கிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன்.

அண்ணன் என்னை வேலையிலிருந்து நிறுத்தினான். தங்கச்சி என்பதால் நாகரிகமாக, "கொஞ்ச நாள் வீட்டுல இரு" என்றான். நான் வீட்டில் இருக்கவில்லை. நெய்யாற்றின்கரையில் இன்னொரு காண்ட்ராக்டரின் அலுவலகத்துக்குப் போனேன். என் கதை எனக்கு முன்பே அங்கே போயிருந்தது. அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "நல்ல ஜாயிண்ட்டைத் தோண்டச் சொன்ன ஆள் நீங்கதானா?" என்று கேட்டார்.

"நான்தான்."

"தப்பாப் போச்சே."

"தோண்டினது தப்பில்ல சார். உள்ளே சரியா இருந்தது. ரெண்டும் வேற வேற."

"இங்கயும் தோண்டச் சொல்லுவீங்களா?"

"நான் பாக்காம மூடினா சொல்லுவேன்."

அவர் வேலை தரமாட்டார் என்று எழுந்தேன். எங்கே போகிறீர்கள், திங்கட்கிழமை வாருங்கள் என்றார். ஏன் எடுத்தார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆள் பற்றாக்குறையாகவும் இருக்கலாம்.

இப்போது நான் நிற்கும் குழிகளில் ஒரு வழக்கம் உண்டு. முறிந்த போல்ட் தலைகளை யாரும் மண்ணில் எறியக் கூடாது, என் கையில் தர வேண்டும். ஒவ்வொன்றையும் அது முறிந்த போல்ட்டோடு பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகுதான் உறையைக் கொண்டுவரச் சொல்வேன். புதிதாக வரும் ஃபிட்டர்கள் முகம் சுளிப்பார்கள். இந்தப் பொம்பளைக்கு நேரம் போகவில்லை என்று எனக்குக் கேட்கும்படியே மலையாளத்தில் சொல்வார்கள். வெயில் ஏறும், வண்டிகள் ஹாரன் அடிக்கும், மேலே நின்று யாராவது இன்னும் எவ்வளவு நேரம் என்று கேட்பார்கள். நான் அடுத்த தலைக்குக் கையை நீட்டுவேன்.