சிவா அண்ணனின் மஞ்சள் எழுத்து

புளியந்தீவில் எங்கள் அலுவலகத்தின் சேர்வர் கணினிகளைப் பார்த்துக்கொள்வது நானும் சிவா அண்ணனும்தான். கட்டளை தட்டும் கறுப்புத் திரையில், எந்தக் கணினிக்குள் நிற்கிறோம் என்று வரியின் தொடக்கத்தில் பெயர் வரும். அண்ணன் அதைப் பளிச்சென்ற மஞ்சளில், தடித்த எழுத்தில் வைத்திருந்தார்.

"என்ன அண்ணன், கோயில் திருவிழாவா?" என்பேன்.

"ஓம், கச்சான் கடலை வாங்கித் திண்டுட்டுப் போ," என்பார்.

எனக்கு எல்லாம் ஒரே சீராக இருக்க வேண்டும். ஒருநாள் அவரைக் கேட்காமலே எல்லாப் பெயர்களுக்கும் அடக்கமான நீலத்தைப் போட்டேன். அன்றிலிருந்து அவர் திரைக்குக் கிட்ட முகத்தை வைத்து வேலை செய்தார்.

அந்த வாரமே, பரிசோதனைக் கணினிக்குள் நிற்பதாக நினைத்து, வாடிக்கையாளர்களின் கோப்புகளை அழித்துவிட்டார். முதலாளியிடம் "என்ர பிழைதான்" என்றார். ஒரு வாரம் வீட்டில் இருக்கச் சொன்னார்கள்.

அவர் போகும்போது வாவிப் பாலத்தில் மறித்து, எப்படி மாறிப்போனது என்று கேட்டேன்.

"சீனி வருத்தம், அதான் நீரிழிவு, கண்ணுக்கு ஏறிட்டுது. மஞ்சள் மட்டுந்தான் துலக்கமாத் தெரிஞ்சது."

"ஏன் அண்ணன் சொல்லல்ல?"

"சொன்னா வேலையில வெச்சிருப்பாங்களா?"

மனம் பொறுக்காமல் மறுநாள் முதலாளியிடம் போனேன். பிழை என்னுடையது, நிறத்தை மாற்றியது நான், அண்ணனின் கண்ணுக்கு நீலம் தெரியாது என்றேன்.

 "கண் தெரியாதெண்டா இனி வேலைக்கு எடுக்க ஏலாதே," என்றார் முதலாளி.

நிறத்தை மாற்றும்போதும் நான் அண்ணனைக் கேட்கவில்லை. உண்மையைச் சொல்லும்போதும் கேட்கவில்லை.