எட்டடிப் பலகையில் வெள்ளவத்தை ஸ்டேஷன்

மாதிரி ரயில்பாதை கட்டுவது பற்றி யாராவது கேட்டால் நான் சில விஷயங்கள் சொல்வேன். பலகை உங்கள் முழங்கை உயரத்தில் இருக்க வேண்டும். வளைவை நெருக்கிப் போடக்கூடாது. பதினெட்டு அங்குல ஆரைக்குக் குறைந்தால் நீளப் பெட்டிகள் தடம் புரளும். தண்டவாளத் துண்டுகள் சந்திக்கும் இடத்தில் ஒரு போஸ்ட்காட் தடிப்புக்கு இடைவெளி விடுங்கள், வெக்கைக்கு உலோகம் நீளும். மூன்றடிக்கு ஒரு இடத்தில் பலகையின் கீழிருந்து வயர் கொடுங்கள், அல்லாவிட்டால் எஞ்சின் தூரத்துக்குப் போனதும் சோர்ந்துவிடும். உண்மையான இடத்தை முதலில் அளந்து குறித்துக்கொண்டு, பிறகு சின்னதாகச் செய்யுங்கள் என்றும் ஒரு காலத்தில் சொல்லிவந்தேன். இப்போது சொல்வதில்லை. அதற்காகத்தான் என் உள்ளங்கால்களை அடித்தார்கள்.

அப்போது யுத்த காலம், எனக்கு முப்பத்திநாலு வயது. ஒரு கட்டடக் கம்பனியில் படவரைஞராக இருந்தேன். கொழும்பில், வெள்ளவத்தையில், கடற்கரை ரயில் பாதைக்குக் கிட்ட, ஒரு வீட்டோடு ஒட்டிய அனெக்ஸில் நானும் மனைவியும் குடியிருந்தோம். பக்கத்து வீட்டுப் பறங்கியர் ஒருவர் அவுஸ்திரேலியாவுக்குக் குடும்பத்தோடு போகும்போது, ஏற்ற முடியாத ஒரு பெட்டியை எங்களிடம் விட்டுவிட்டுப் போனார். உள்ளே இரண்டு எஞ்சின், ஏழு பெட்டி, தண்டவாளம், ஒரு ட்ரான்ஸ்போமர். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. சும்மா கிடந்த முன்னறையில் நாலடிக்கு எட்டடிப் பிளைவூட் பலகை ஒன்றைப் போட்டு, எங்கள் ஸ்டேஷனையே எழுபத்தாறில் ஒரு பங்காகக் கட்டத் தொடங்கினேன்.

படம் வரைகிறவனுக்கு அளவில்லாமல் கை ஓடாது. கமரா கொண்டுபோனால் பிடிப்பார்கள் என்று தெரியும். அதனால் நடந்து அளந்தேன். மேடை எத்தனை அடி, கடவை எங்கே, கால்வாய்ப் பாலத்துக்கு எத்தனை தூண். கல்கிசைப் பக்கமிருந்து வரும் ரயில்கள் எத்தனை மணிக்கு வருகின்றன, எத்தனை பெட்டி, எவ்வளவு நேரம் நிற்கின்றன. எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் எழுதினேன். மனைவி அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு ஒருநாள், “என்னப்பா, இதை எரியுங்கோ. ஆரும் பாத்தா என்ன நினைப்பினம்?” என்றாள்.

“வேலை முடிய எரிக்கிறன்,” என்றேன்.

முடியவில்லை. நகரத்தில் எங்கோ குண்டு வெடித்து இரண்டு நாளாகியிருந்தது. ஒரு சனிக்கிழமை காலை எங்கள் ஒழுங்கையின் இரண்டு முனையையும் மறித்து ஆமியும் பொலிசும் வீடுவீடாக வந்தார்கள். கொழும்பில் தமிழர் வைத்திருக்க வேண்டிய பொலிஸ் பதிவுத் தாள் எங்களிடம் சரியாக இருந்தது. திரும்பப் போகிற நேரத்தில் ஒருவன் முன்னறைக் கதவைத் தள்ளினான். பலகையைப் பார்த்துச் சிரித்தான். பிறகு குனிந்து கீழே பார்த்தான். முப்பதுக்கு மேல் சிவப்பும் கறுப்பும் வயர்கள், சுவிட்சுகள், ஈயம் உருக்கும் கம்பி, பழைய மணிக்கூட்டின் உறுப்புகள். மற்றவன் மேசை லாச்சியில் இருந்து கொப்பியை எடுத்தான். பாலத்தின் படம் வந்த பக்கத்தில் அவன் கை நின்றது.

முதல் அடி துவக்கின் பிடியால், என் காதுக்கு மேலே. நான் பலகைமீது விழுந்தேன், மேடைக் கூரை என் நெஞ்சுக்குக் கீழே நொறுங்கியது. மனைவி சிங்களத்தில் “விளையாட்டுச் சாமான், விளையாட்டுச் சாமான்” என்று கத்தினாள். அவளைச் சுவரோடு தள்ளினார்கள். ஒருவன் சப்பாத்துக் காலோடு பலகைமேல் ஏறி நின்று மிதித்தான். பிளைவூட் நடுவில் முறிந்த சத்தத்தை என் எலும்பு முறிந்த சத்தம் என்றே நினைத்தேன்.

பொலிஸ் ஸ்டேஷனில் எனக்குக் கிடைத்த அறையில் இன்னொருவர் இருந்தார். அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் இருந்து வந்து, வெள்ளவத்தையில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை செய்தவர். என் வயதுதான். பதிவுத் தாள் இல்லை என்று பஸ்ஸில் இருந்து இறக்கியிருக்கிறார்கள். “ஒங்கள எதுக்குங்க புடிச்சாங்க?” என்று கேட்டார். நான் சொன்னேன். “ரயிலா?” என்றார் அவர். தன் சட்டையை நனைத்து என் காதில் காய்ந்த இரத்தத்தைத் துடைத்துவிட்டார்.

இரண்டு நாள் என்னைக் கேட்ட கேள்வி ஒன்றுதான். பாலத்தை ஏன் அளந்தாய்? மேசையில் குப்புறப் படுக்கவைத்து, மண் நிரப்பிய பிளாஸ்டிக் குழாயால் உள்ளங்காலில் அடித்தார்கள். அடி காலில் விழும், மின்னல் தலைக்குள் அடிக்கும். உண்மையைச் சொன்னேன். உண்மை அந்த அறையில் மிக மடத்தனமாகக் கேட்டது. வளர்ந்த மனுஷன், யுத்த காலத்தில், விளையாட்டு ரயிலுக்காகப் பாலம் அளந்தானாம். அடிப்பவன் இடத்தில் நான் இருந்திருந்தால் நானும் நம்பியிருக்கமாட்டேன் என்று அடி விழும்போதே நினைத்தேன். கடைசியில் பொய் சொல்லவும் தயாரானேன். என்ன பொய் வேண்டும் என்றுதான் தெரியவில்லை.

மூன்றாம் நாள் மத்தியானம் வேறொரு அதிகாரி வந்தார். முறிந்த பலகையின் ஒரு பாதியையும் ரயில் சாமான் பெட்டியையும் கொண்டுவரச் செய்திருந்தார். கொப்பியைப் புரட்டி, “துவவன்ன,” என்றார். ஓடவிடு.

கால் ஊன்ற முடியவில்லை. தரையில் இருந்தபடியே வேலை செய்தேன். அடியைத் தடுத்த வலது கையில் விரல்கள் இரண்டு மடங்கவில்லை, வயரைப் பல்லால் உரித்தேன். ஈயம் உருக்கும் கம்பி சூடாகும்வரை எல்லாரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அந்த நேரத்தில்தான் சுவருக்கு அந்தப் பக்கத்தில் இருந்து அட்டன்காரரின் குரல் கேட்டது. அடிக்கிறார்கள். அவர் அம்மாவைக் கூப்பிடவில்லை, கடவுளைக் கூப்பிடவில்லை, “தெரியாதுங்க, தெரியாதுங்க” என்று மட்டும் கத்தினார். நான் தண்டவாளத்தைச் சட்டை நுனியால் துடைத்தேன். கடற்காற்றில் உப்புப் படிந்தால் மின்சாரம் ஏறாது.

குமிழைத் திருப்பினேன். எஞ்சின் உறுமி, நடுங்கி, மூன்று பெட்டிகளை இழுத்துக்கொண்டு நாலடி ஓடி, பலகை முறிந்த விளிம்பில் தரையில் விழுந்தது. என்னை அடித்த கொன்ஸ்டபிளே முதலில் சிரித்தான். “ஆய், ஆய்!” என்றான். இன்னொருமுறை. அவனே எஞ்சினை எடுத்துத் தண்டவாளத்தில் வைத்தான். முன்னுக்கும் பின்னுக்கும் ஓட்டிக் காட்டினேன். அடுத்த அறையில் இருந்தும் இரண்டு பேர் வியர்வையோடு வந்து வாசலில் நின்று பார்த்தார்கள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். என் வாயில் இருந்து அந்தச் சத்தம் வந்ததை என் காதாலேயே கேட்டேன்.

கால்மணிநேரம் இருக்கும். எஞ்சின் சூடாகி எரிந்த வாசம் வந்தது. பழக்கதோஷம், “மோட்டார் எரிஞ்சு போகும் சேர்,” என்று நானே குமிழைத் திருப்பி நிறுத்தினேன். வாசலில் நின்ற இரண்டு பேரும் அடுத்த அறைக்குத் திரும்பிப் போனார்கள்.

அடுத்த நாள் என்னை விட்டார்கள். பலகையும் பெட்டியும் கொப்பியும் அங்கேயே தங்கிவிட்டன. மனைவி ஓட்டோவில் கொண்டுவந்து, வாசலில் இருந்து கட்டில்வரை என்னைத் தூக்காத குறையாகத் தாங்கிப் போனாள். காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கும்போது நான் அட்டன்காரரைப் பற்றிச் சொல்ல, “பக்கத்தில இருந்த ஆளையும் விட்டவங்களோ?” என்று கேட்டாள். இல்லை என்றேன். ஒரு சட்டத்தரணியிடம் போய் அவரைக் காணாமல் ஆக்கிவிடக்கூடாது என்று, நான் அவரை உயிரோடு பார்த்ததாக, எங்கே, எந்த நாள் என்று எழுதிக் கொடுத்தது அவள் கேட்ட அந்தக் கேள்வியால்தான். கையெழுத்து வைக்கும்போது அவள் பக்கத்தில் நின்றாள்.

எட்டு மாதம் கழித்து அவர் வெளியே வந்தார். அவர் வேலை செய்த சாப்பாட்டுக் கடைக்காரர் தகவல் சொல்ல, கடைக்குப் போனேன். இடது காது அவருக்குக் கேட்காமல் போயிருந்தது. நான் வலது பக்கம் இருந்தேன். தேநீரை வைத்துவிட்டு, ஆட்கள் குறைந்ததும் வந்து உட்கார்ந்தார்.

“அன்னைக்கு அந்தப் பக்கம் ஒரே சிரிப்புச் சத்தம். யாருங்க அது?”

“அவங்கள்தான். நானும்தான்,” என்றேன்.

அவர் தலையாட்டினார். “அந்த நேரம் மட்டுந்தாங்க அடி நின்னுச்சு. எல்லாம் போயிட்டாங்க. நான் கீழ படுத்துக்கிட்டு, சாமி, இன்னும் கொஞ்சம் சிரிக்கட்டும்னு கும்பிட்டேன்.”

அந்தச் சிரிப்பை நிறுத்தியது யார் என்று அவர் கேட்கவில்லை. சொல்லாமல் வந்திருக்கலாம். ஆனால் ரயிலை ஓட்டியதையும் நானே நிறுத்தியதையும் சொன்னேன். மோட்டார் சூடானதையும் சொன்னேன். “ஒங்களுக்குத் தெரியாதுல்ல,” என்றார். பிறகு யாரோ சாம்பார் கேட்டுக் கூப்பிட, எழுந்து போனார். அடுத்த மாதம் தோட்டத்துக்கே திரும்பிவிட்டார் என்று கடைக்காரர் சொன்னார். நாங்களும் அந்த அனெக்ஸை விட்டுக் கொட்டாஞ்சேனைக்கு மாறினோம். ரயில் சத்தம் கேட்காத வீடாக மனைவி தேடிப் பிடித்தாள்.