எதிராளியின் படகைப் பிடித்தவர்

க்ளெனிஸ் பேட்விக் இருபத்தேழு கோடைகளில் ஏறக்குறைய இரண்டாயிரத்து நானூறு படகுகளைப் பிடித்திருக்கிறார். அத்தனையையும் விட்டுமிருக்கிறார். விடுவதுதான் கடினம் என்பார்.

தேம்ஸ் கரையிலுள்ள கல்வர்ஹாமில் ஜூலை இரண்டாம் சனிக்கிழமை துடுப்புப் போட்டி. தொடங்கும் இடத்தில் இரண்டு தட்டைப் படகுகள் நங்கூரமிட்டு நிற்கும். ஒவ்வொன்றின் விளிம்பிலும் ஒருவர் குப்புறப் படுத்திருப்பார். பின்னோக்கி வந்து சேரும் போட்டிப் படகின் பின்முனையை இரு கைகளாலும் பிடித்துக்கொள்வது அவர் வேலை. ஆற்று நீரோட்டம் இழுக்கும், விடக் கூடாது. நடுவர் 'போ' என்றதும் விட்டுவிட வேண்டும். தள்ளவும் கூடாது, இழுக்கவும் கூடாது.

வாரத்தில் ஐந்து நாள் க்ளெனிஸ் முடி வெட்டுகிறார். ஊரில் பாதிப் பேரின் தலை அவருக்குத் தெரியும். காலை ஆறரைக்கு ஆற்றில் நீந்திவிட்டு, ஈரத் தலையுடன் கடை திறப்பார். வலது கட்டைவிரல் மூட்டு கத்தரிக்கோலால் தேய்ந்து வருகிறது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

மகள் டாம்சின் உள்ளூர் அணியின் நால்வர் படகில் துடுப்பு போடுகிறாள். ஏழு ஆண்டு முயற்சிக்குப் பின் இந்த ஆண்டுதான் இறுதிச் சுற்றுக்கு வந்தாள். எதிரணி, மேலாற்று ஊரான ட்ரெல்போர்டிலிருந்து வந்த பெண்கள்.

கல்வர்ஹாமில் ஒரு வழக்கம் உண்டு: தன் உறவினர் துடுப்பு போடும் படகை யாரும் பிடிக்கக் கூடாது. இறுதிச் சுற்றுக்காக மாலை நாலே முக்காலுக்கு டாம்சினின் படகு க்ளெனிஸின் பக்கமே வந்தது. பக்கத்துத் தட்டைப் படகில் இருந்தவர் லெஸ்டர், ஓய்வுபெற்ற தபால்காரர். இருவரும் இடம் மாறிக்கொண்டார்கள்.

"மக ஜெயிக்கணும்னு அவங்க படகை இழுத்துப் பிடிச்சிப்புடாதே" என்று கத்தினார் லெஸ்டர்.

"நீ தூங்காம இருந்தா போதும், கிழவா."

ட்ரெல்போர்ட் படகு வந்து சேர்ந்தது. க்ளெனிஸ் பிடித்தார். காலையிலிருந்து எண்பத்தெட்டாவது படகு. சுக்கான் பிடிக்கும் பெண் கையை உயர்த்தியபடியே இருந்தாள். படகு இன்னும் நேராகவில்லை என்பதற்கு அது அடையாளம். ஒரு நிமிடம் ஆனது. இன்னொன்றும் ஆனது. பிறகு கை இறங்கியது.

"போ!"

இடது கை விட்டது. வலது கை விடவில்லை. கட்டைவிரல் மடங்கியபடியே இறுகிவிட்டது. அரை நொடி இருக்கும். பின்முனை ஒரு பக்கமாக வெட்டி இழுத்து, அவர் விரல்களை உரித்துக்கொண்டு போனது.

ஒலிபெருக்கி முடிவைச் சொன்னது: கல்வர்ஹாம், ஒரு கை நீள வித்தியாசத்தில். கரையில் கைதட்டல்.

க்ளெனிஸ் படுத்தபடியே இருந்தார்.

"ஏய், உன் பொண்ணு ஜெயிச்சிட்டா!" லெஸ்டர் தொப்பியை ஆட்டினார். "ஏன் பொணம் மாதிரி கெடக்கே?"

"நடுவரோட மோட்டார் படகைக் கூப்பிடு."

நடுவர் டெஸ்மண்ட் ஆலர்டன் வந்தார். இருபது ஆண்டுப் பழக்கம். மாதம் ஒருமுறை க்ளெனிஸின் நாற்காலியில் உட்காருபவர்.

"நான் விடல, டெஸ்மண்ட். கை பிடிச்சுக்கிச்சு."

"யாரும் புகார் பண்ணல. முதல் துடுப்பு சரியா விழலன்னு அவங்களே ஒருத்தர ஒருத்தர் திட்டிக்கிட்டுப் போறாங்க."

"அதனாலதான் சொல்றேன். அந்தப் புள்ளைங்க மேல தப்பு இல்ல."

"உன் மக இத மன்னிக்க மாட்டா, தெரியுமா?"

"தெரியும். நீ எழுது."

அவர் எழுதினார். மறு ஓட்டம் ஆறேகாலுக்கு என்று ஒலிபெருக்கி அறிவித்தது, காரணத்தையும் சொன்னது.

டாம்சின் படகுத் துறைக்கு வந்தாள். தலைமுடி வியர்வையில் நனைந்திருந்தது. கூட வந்தவர்கள் பத்தடி தள்ளியே நின்றுவிட்டார்கள்.

"அம்மா, உனக்கு மட்டுந்தானே தெரியும்?"

"ஆமா."

"ஏழு வருஷம்! வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கலாம்ல?"

"இருந்திருக்கலாம்."

"அவ்வளவுதானா உன் பதில்?"

"கையைப் பாரு" என்று நீட்டினார் க்ளெனிஸ். உள்ளங்கையில் தோல் கிழிந்து, கட்டைவிரல் வீங்கியிருந்தது.

டாம்சின் பார்த்தாள். "எப்பலேர்ந்து?"

"மார்ச்சுலேர்ந்து."

"அறிவிருக்கா உனக்கு? இத வச்சிக்கிட்டா காலைலேர்ந்து படுத்திருந்தே?" என்று திட்டிவிட்டு, முதலுதவிக் கூடாரத்திலிருந்து ஐஸ் பை வாங்கி வந்தாள். அதை அம்மாவின் மடியில் வீசிவிட்டு அணியிடம் போனாள்.

ட்ரெல்போர்டின் சுக்கான்காரி, இருபது வயதுப் பெண், தயங்கித் தயங்கி வந்தாள். "நான்தான் முன்னால உக்காந்து துடுப்பு போட்டவள கன்னாபின்னான்னு திட்டிட்டேன். இப்ப போய் மன்னிப்பு கேக்கணும். நீங்க சொல்லாம இருந்திருந்தா வீடு வரைக்கும் திட்டியிருப்பேன், மேடம்."

ஆறேகாலுக்கு க்ளெனிஸின் இடத்தில் வேறொருவர் படுத்தார். ட்ரெல்போர்ட் அரைப் படகு நீளத்தில் வென்றது. டாம்சின் படகைத் தூக்கிக் கொட்டகையில் வைத்துவிட்டு அம்மாவைக் காரில் ஏற்றிக்கொண்டாள்.

புதன்கிழமை போட்டிக் குழு கூடியது. அடுத்த ஆண்டு முதல், படகு பிடிப்பவர்கள் மணிக்கு ஒருமுறை மாற வேண்டும் என்று முடிவானது. அதற்கான பட்டியலில் காலை ஒன்பதிலிருந்து பத்து வரை க்ளெனிஸின் பெயர் இருக்கிறது.