இரக்கமில்லாத கை

மர்பி டவுன் கிருஷ்ணப்பாவுக்கு வாயும் நீளம், கையும் நீளம். மின்கம்பம் ஏறிப் பிழைக்கும் காண்டிராக்ட் லைன்மேன். தரையில் நிற்கிற யாரையும் மதித்ததில்லை. தொண்ணூற்றேழாம் வருஷக் கோடை மழையில் மொபெட் சறுக்கி, முழங்கால் ஜவ்வு அறுந்தது.

ஆபரேஷன் நன்றாகத்தான் முடிந்தது. கால்தான் மடங்கவில்லை. ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி பார்க்கும் வீணா மேடம், வீட்டிலும் தினமும் அவரைக் குப்புறப் படுக்கவைத்து, கணுக்காலைப் பிடித்து, தான் காட்டிய இடம்வரை மெல்ல மடக்க வேண்டும், கத்தினாலும் விடக் கூடாது என்றாள். தசரா முடிந்ததும் கம்பம் ஏறிக் காட்டாவிட்டால் வேறு ஆள் போட்டுவிடுவதாகக் காண்டிராக்டர் சொல்லியனுப்பியிருந்தார்.

மனைவி சந்திரம்மாவால் அது ஆகவில்லை. அவர் 'அம்மா' என்றதுமே காலை விட்டுவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்வாள். கால் கட்டையாக நீண்டே கிடந்தது. கிருஷ்ணப்பா தசராவுக்கு நாள் எண்ணினார். தன்மேல் துளியும் இரக்கமில்லாத ஆள் வேண்டும் என்று யோசித்தார். நீலசந்திராவில் ஒருவன் இருந்தான், சந்திரம்மாவின் தம்பி அர்ஜுனன். அவனுடைய நிச்சயதார்த்தத்தில் குடித்துவிட்டு, பெண் வீட்டார் பார்க்க அவனை அறைந்தவர் இவர். அன்றோடு பேச்சு நின்றுபோனது.

அக்காள் அழுது கூப்பிட்டதால் வந்தான். வீணாவிடம் எதுவரை மடக்கலாம் என்று கற்றுக்கொண்டான். பிறகு தினமும் வேலைக்குப் போகிற வழியில் வந்து, ஒரு வார்த்தை பேசாமல் மடக்கினான். கிருஷ்ணப்பா தலையணையைக் கடித்தார், அவன் பரம்பரையையே திட்டினார். அது சந்திரம்மாவின் பரம்பரையும்தான் என்பது அந்த வலியில் அவருக்கு உறைக்கவில்லை. அவன் விடவில்லை. கால் கொஞ்சம் கொஞ்சமாக மடங்க ஆரம்பித்தது. உயிர் போகிற வலியிலும் வாசலில் அவன் செருப்புச் சத்தம் கேட்டால் அவருக்குத் தெம்பாக இருந்தது.

தசரா நெருங்கிவிட்டது. கம்பம் ஏற இன்னும் கொஞ்சம் மடங்க வேண்டும். அன்று வலி தாளாமல், திட்டக்கூடத் தெம்பில்லாமல், கிருஷ்ணப்பா குழந்தை மாதிரி விம்மினார். "அன்னிக்கு உன்ன அடிச்சிருக்கக் கூடாதுடா அர்ஜுனா" என்று தலையணைக்குள் சொன்னார்.

அர்ஜுனனின் பிடி தளர்ந்தது. அவரைத் திருப்பி உட்காரவைத்து, துண்டால் முகத்தைத் துடைத்துவிட்டான்.

"போதும் மாமா. இனிமே என்னால முடியாது."

கிருஷ்ணப்பாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவன் கையை இழுத்துத் தன் கணுக்காலில் வைத்து அழுத்தினார்.

"நீயும் வுட்டுட்டா நான் யார்கிட்ட போவேன்டா?"

அந்தக் கை அவர் காலைத் தடவிக்கொடுத்தது.