என் உடம்புக்கு அக்காவைத் தெரியாது

எனக்குள் வேலை செய்கிற கிட்னி அக்காவுடையது. ஊரில் எல்லோரும் இதை ஒத்துக்கொண்டாயிற்று. என் உடம்பு மட்டும் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. கிருமி வந்தால் அடிப்பதற்கென்று ஒரு கூட்டம் ரத்தத்தில் சுற்றிக்கொண்டே இருக்கிறதாம். தன்னுடையது எது, வெளியிலிருந்து வந்தது எது என்று பார்ப்பதுதான் அதற்கு வேலை. கூடப் பிறந்தவள் என்றெல்லாம் தாட்சண்யம் கிடையாது. அது அக்காவின் கிட்னி மேல் கை வைக்காமல் இருக்க, காலையும் மாலையும் மாத்திரை போட்டு அடக்கி வைக்கிறேன். அடக்கி வைத்தால் தெருவில் போகிற சளியும் காய்ச்சலும் என்னிடம் வந்து தங்கிவிட்டுப் போகும். இதுதான் ஏற்பாடு.

அக்காவுக்கு அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதை ஓரமாக இட்லிக் கடை. மலை சுற்ற வருகிறவர்களுக்கு இட்லியோடு வைத்திய ஆலோசனையும் தருவாள். நான் எப்போதும் தும்மிக்கொண்டே இருப்பது அவளுக்குப் பொறுக்கவில்லை. பக்கத்தில் மூலிகைச் சாறு விற்கிறவரிடம் விசாரித்து, சீந்தில் கொடி வாங்கி, இடித்துக் காய்ச்சி எடுத்து வந்துவிட்டாள்.

“எதிர்ப்பு சக்தி ஜாஸ்தியாவும்டா. மூக்க புடிச்சிக்கினு குடி.”

வெளி மருந்து எதுவும் கூடாது என்று டாக்டர் சொன்னது ஞாபகம் இருந்தது. ஆனால் கிட்னி கொடுத்தவள் ஒரு டம்ளர் கஷாயம் கொடுத்தால் எப்படி வேண்டாம் என்பது? தினமும் குடித்தேன். தும்மல் நின்றது. அக்கா அதைக் கடையில் எல்லோரிடமும் பெருமையாகச் சொன்னாள். பிறகு எனக்குக் கால் வீங்கியது, சிறுநீர் குறைந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் என் ரத்தப் பரிசோதனையைப் பார்த்துவிட்டு, கஷாயத்தைப் பற்றிக் கேட்டுத் தெரிந்துகொண்டு, அக்காவிடம் சொன்னார்.

“இவருக்கு எதிர்ப்பு சக்தி ஏறுச்சுன்னா, மொதல்ல போய் அடிக்கிறது உங்க கிட்னியத்தாங்க.”

சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதை அக்கா இடித்துக் காய்ச்சிச் செய்திருந்தாள். “அப்போ எடுத்து எனக்கே திருப்பி வெச்சிடுங்க. எங்கிட்ட இருந்தப்போ அத யாரும் அடிக்கல” என்றாள். டாக்டர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. என் உடம்பை நினைத்து எனக்கு வெட்கமாக இருந்தது.

ஊசி மருந்து ஏற்றிக் கிட்னியைக் காப்பாற்றினார்கள். முழுசாக இல்லை, கொஞ்சம் போனது போனதுதான். இன்னொரு தடவை இப்படி ஆனால் தாங்காது என்று சொல்லி அனுப்பினார்கள்.

போன பௌர்ணமிக்கு மறுநாள் அக்கா வந்தாள். கடைக் கூட்டத்தில் அவளுக்குச் சளி பிடித்திருந்தது. முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, என் வீட்டு கேட்டுக்கு வெளியே வெயிலில் நின்றபடி, மாத்திரை போட்டாயா என்று கேட்டாள்.

“போட்டாச்சு. உள்ள வாக்கா.”

“வரலடா. எங்கிட்ட இன்னும் ஒண்ணுதான் இருக்குது.”

சொல்லிவிட்டு பஸ் பிடிக்கப் போய்விட்டாள். கேட்டால் அதையும் கொடுத்துவிடுவாள். எனக்கு அதுதான் பயம்.