அக்கா விட்ட மூன்று ரிங்

பழைய டெலிபோன் சத்தங்களைச் சேர்க்கிறேன் என்று சொன்னால் போடியில் யாரும் நம்புவதில்லை. பழைய போனைச் சேர்த்தாலாவது அலமாரியில் வைக்கலாம், சத்தத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வாய் என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனாலும் எனக்குக் கோபம்தான் வரும். என் மனைவி இதை ஒரு வியாதி என்று முடிவு கட்டி, மருந்து தேடுவதையும் விட்டுவிட்டாள்.

டயலைச் சுற்றி விரலை எடுத்ததும் அது கரகரவென்று திரும்பி வரும் சத்தம். லைன் கிடைக்காதபோது காதில் குத்தும் டொய்ங் டொய்ங். மலைக்கு மேலே கூப்பிட்டால் யாரோ இருவர் பேசிக்கொண்டிருப்பது நடுவில் நுழைந்து, "ஹலோ, ஆராணு?" என்று மலையாளத்தில் நம்மையே யாரென்று அதட்டும் குரல். இதெல்லாம் எனக்கு வேண்டும். ஆனால் இதை யாரும் வேண்டுமென்று பதிந்து வைக்கவில்லை. கெட்டுப்போன கேசட்டுகளில்தான் தேட வேண்டும்.

ரேடியோவுக்கு முன்னால் டேப்ரிக்கார்டரை வைத்து, வீட்டில் எல்லோரையும் வாயைப் பொத்தச் சொல்லிவிட்டுப் பாட்டுப் பதிந்த காலம் ஒன்று இருந்தது. சரியாகச் சரணம் வரும்போது போன் அடிக்கும். அன்று தலையில் அடித்துக்கொண்டோம். இன்று எனக்கு வேண்டியது அந்தக் கெட்ட இடம்தான். இதற்காகச் சிலமலை, ராசிங்காபுரம் என்று பக்கத்து ஊர்களில் ஒரு வீடு விடாமல் ஏறி இறங்கியிருக்கிறேன். சிலமலையில் ஒருவர் ஒரு பை நிறைய கேசட்டைக் கொடுத்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"பாட்டு வேணாம், போன் அடிக்கிறதுதான் வேணுமாக்கும். வீட்டுல சொல்லிட்டுத்தான் வந்தீகளா?"

அவருக்கு நான் சொல்லாத காரணம் ஒன்று உண்டு. எனக்கு ஒரே ஒரு நாளின் மணிச்சத்தம் வேண்டியிருந்தது.

எங்கள் வீட்டில் அப்போது ஜீப் ஓடியது. காலையில் ஆட்களை மலைக்கு ஏற்றிக்கொண்டு போய் விட்டுவிட்டு, மத்தியானத்துக்குள் நான் இறங்கிவிடுவேன். ஜீப் இருந்ததால் வீட்டில் போனும் இருந்தது. அக்காவை மலைமேல் ஒரு ஏலக்காய் எஸ்டேட்டில் கட்டிக்கொடுத்திருந்தோம். மச்சான் அங்கே கங்காணி. எஸ்டேட் ஆபீஸில் ஒரு போன் உண்டு. அதில் பேசினால் முதலாளியின் பில்லில் ஏறும். மறுமுனையில் எடுக்காதவரை ஏறாது. ஆகவே கிளார்க் ஒரு சலுகை கொடுத்திருந்தார்: ரிங் விடலாம், பேசக் கூடாது. இரண்டு ரிங் விட்டு வைத்தால் எல்லோரும் சௌக்கியம். மூன்று ரிங் என்றால் உடனே ஜீப் கொண்டுவர வேண்டும். ட்ரிங் ட்ரிங் என்று ஜோடியாக அடிப்பது ஒரு ரிங் என்று கணக்கு. எங்கள் பக்கம் எத்தனையோ குடும்பங்கள் இப்படித்தான் காலம் தள்ளின. உயிர் போகிற அவசரத்திலும் பேசாமல் ரிங்கா விடுவார்கள் என்று இப்போது கேட்கத் தோன்றும். அதற்கு முன் இரண்டு முறை மூன்று ரிங்குக்கு ஜீப் போயிருக்கிறது. அதனால் நம்பினோம்.

அன்று கோடைமழை. எஸ்டேட்டில் நிழல் மரங்களின் கிளைகளைக் கழித்துக்கொண்டிருந்தார்கள். கிளை ஒன்று தப்பி மச்சானின் காலில் விழுந்தது. அக்கா ஆபீஸுக்கு ஓடிப்போய் மூன்று ரிங் விட்டாள். கீழே வீட்டில் நான் கேட்டது இரண்டு. சௌக்கியம்தான் என்று இருந்துவிட்டேன். ஜீப்பைக் காணோமே என்று அவள் மறுபடி அடிக்கப் போனபோது மழையில் லைன் செத்துவிட்டது. சாயங்காலம் ஒரு லோடு ஜீப்தான் மச்சானை இறக்கிக் கொண்டுவந்தது. எலும்பு கூடியது, நேராகக் கூடவில்லை. இன்றும் சாய்த்துச் சாய்த்துத்தான் நடக்கிறார்.

"நான் மூணு விட்டேன்டா" என்றாள் அக்கா, ஆஸ்பத்திரி வாசலில்.

"ரெண்டுதான்க்கா அடிச்சுச்சு" என்றேன்.

அதற்கப்புறம் நாங்கள் அதைப் பேசவில்லை. சண்டையும் இல்லை. தீபாவளிக்கு வந்தாள், என் கல்யாணத்தில் முன்னால் நின்றாள். ஆனால் அவள் என்னைப் பார்க்கும்போதெல்லாம் நான் வேறு பக்கம் திரும்பிக்கொள்வேன். பாட்டுப் பதிகிற மும்முரத்தில் ஒரு ரிங்கை விட்டுவிட்டேனோ என்ற பயம் என்னை விடவே இல்லை.

ஆமாம், அன்று நான் பாட்டுப் பதிந்துகொண்டிருந்தேன். அந்த கேசட்டை யாரோ இரவல் வாங்கிப் போய்விட்டார்கள் என்று ஊரெல்லாம் தேடியவனுக்கு, போன வருடம் வீட்டைச் சுத்தம் செய்தபோது பரண்மேலிருந்து மனைவி எடுத்துக் கொடுத்தாள். பாட்டு நடுவில் மணி அடிக்கிறது. ஒன்று. இரண்டு. பிறகு என் குரல்: "அக்காதான். நல்லா இருக்காக." அதோடு சரி, அன்றைக்குச் சேதி வந்தபிறகு அந்த கேசட்டில் நான் எதையும் பதியவில்லை. ஆகவே இது அன்றைய மணிதான்.

இரண்டுதான்! நான் குதித்தேன். அந்த நிமிடமே மலையேறி அக்கா முகத்துக்கு நேரே இதைப் போட்டுக் காட்டவேண்டும் என்று சட்டையை மாட்டினேன். மனைவி வாசலை மறித்தாள்.

"போயி என்ன சொல்லப் போறீக? நீதான் தப்புன்னா? அவுக புருசன் காலு போனதுக்கு அவுகதான் காரணம்னா?"

சட்டையைக் கழற்றிவிட்டேன். சந்தோஷமெல்லாம் வடிந்துவிட்டது.

சில மாதம் கழித்து, பழைய டயல் போன் ஒன்றை வாங்கி வீட்டு லைனில் மாட்டினேன். மணியைப் பதிய வேண்டும். மனைவியிடம், அடுப்படியிலிருந்து செல்லில் இந்த நம்பருக்கு அடித்து மூன்று ரிங் விட்டு வைக்கச் சொன்னேன். மணி இரண்டோடு நின்றது.

"ஒரு சோலி சொன்னா உருப்படியாச் செய்ய மாட்டியா? மூணுன்னு சொன்னேன்ல?" என்று கத்தினேன்.

அவள் கரண்டியோடு வந்து நின்றாள். "மூணு எண்ணித்தான் வச்சேன்."

செல்லை வாங்கி, ஸ்பீக்கரில் போட்டு, போன் பக்கத்திலேயே வைத்துக் கூப்பிட்டேன். செல்லில் ரிங் போய்க்கொண்டிருக்கும்போது மணி சும்மா இருந்தது. மணி அடித்தபோது செல் சும்மா இருந்தது. இரண்டும் சேர்ந்து அடிக்கவே இல்லை. செல்லில் மூன்றாவது கேட்டதும் வைத்தேன். மணி இரண்டுதான் அடித்திருந்தது.

அந்தக் காலத்திலும் இப்படித்தானா? எக்ஸ்சேஞ்சில் மெக்கானிக்காக இருந்த ஒருவரை டீக்கடையில் பிடித்தேன்.

"அது வேற, இது வேறண்ணே" என்றார். "காதுல கேக்குறது எக்ஸ்சேஞ்சு ஒங்களுக்கு அனுப்புற சத்தம். அங்கிட்டு மணி அடிக்கிறதுக்குத் தனியா கரண்டு போகும். அப்பவும் ஒன்னு முந்தும், ஒன்னு பிந்தும். ஏன், அதை வச்சு எவனாவது கணக்குப் போட்டானா?"

டீயைக் குடிக்காமலே எழுந்துவிட்டேன். மனம் அப்படி லேசாகியிருந்தது. நானும் தப்பில்லை, அவளும் தப்பில்லை.

மறுநாள் கேசட்டையும் டேப்ரிக்கார்டரையும் எடுத்துக்கொண்டு போடிமெட்டு ஏறினேன். அக்கா வீட்டு முற்றத்தில் ஏலக்காய் உலர்ந்துகொண்டிருந்தது. மச்சான் பக்கத்தில் உட்கார்ந்து கிளறிவிட்டுக்கொண்டிருந்தார். கேசட்டைப் போட்டேன். மெக்கானிக் சொன்னதைச் சொன்னேன். "ஒனக்குக் கேட்டது மூணுக்கா. எனக்கு அடிச்சது ரெண்டு. ரெண்டும் நெசம்" என்றேன். மன்னிப்பு கிடைத்துவிடும் என்று அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அக்கா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

"ஒங்கிட்டத்தான் தம்பி மூணுன்னு சாதிச்சேன். எனக்கே நிச்சயமில்ல. ஓடிப்போன பதட்டத்துல ரெண்டுலயே வச்சுட்டனோ, என்னாலதான் இவரு காலு இப்படிப் போச்சோன்னு, இவரு எந்திரிச்சு நடக்கும்போதெல்லாம் அதே நெனப்புத்தான்."

எனக்கு என் கவலையே மறந்துபோனது. இத்தனை வருடமாக என்னைப் பார்த்த அந்தப் பார்வையில் குற்றச்சாட்டு இருந்ததாகவே நினைத்திருந்தேன்.

மச்சான் காயைக் கிளறுவதை நிறுத்தினார். "கெளை விழுந்துதாண்டி காலு ஒடிஞ்சுச்சு. போனு விழுந்தா ஒடிஞ்சுச்சு?"

அக்கா சிரிக்கப் பார்த்து அழுதாள். அவர் பக்கத்தில் போய் நின்று, "மூணு கேட்டுட்டுத்தாங்க வச்சேன்" என்றாள்.

"தெரியும்டி. ஒக்காரு" என்றார் மச்சான்.