உள்ளே ஆள் இருக்கு

எங்கள் தோட்டத்து லயவீடுகளுக்குப் பின்னால் இருந்த பழைய ரப்பர் பால்மரங்களையெல்லாம் சாய்த்துவிட்டுச் செம்பனை நட்ட வருஷம் அது. சாய்த்த காட்டிலிருந்து ஒரு பன்றி வழி தெரியாமல் ஓடி வந்து, மாரியம்மன் கோயில் திருவிழாப் பந்தலுக்குள் புகுந்து, கூழ் வாங்க நின்ற தோட்டத்து ஆபீஸ் பெரிய கிராணியைச் சேற்றில் தள்ளிவிட்டது. பேராக்கில் எங்கள் பீடோர் பக்கத்துப் பழைய ஆட்களிடம் கேட்டால் இன்னும் சிரிப்பார்கள். ஆனால் நான் சொல்ல வந்தது பன்றியைப் பற்றி அல்ல. அந்தத் திருவிழா முடிந்து இரண்டு வாரம் கழித்துத்தான், சனிக்கிழமை சாயங்காலங்களில், தோட்டத்து மண்டபத்து டிவியில் இரும்பு மனிதன் படம் வர ஆரம்பித்தது.

ஜப்பான்காரர்கள் வரைந்த பொம்மைப் படம். ஈப்போவில் குனோங் ராபாட்டுக்குப் பின்னால் நிற்கிற சுண்ணாம்பு மலை உயரத்துக்கு ஓர் இரும்பு மனிதன். அவன் நெஞ்சுக்குள் எங்கள் வயசுப் பொடியன் ஒருவன் உட்கார்ந்து அவனை ஓட்டுவான். முதலில் ஒரு பாட்டு வரும். பாட்டு முடிவதற்குள் குளத்துத் தண்ணீரைப் பிளந்துகொண்டு இரும்பு மனிதன் எழுந்து நிற்பான். எனக்கு அப்போது முதுகுத்தண்டில் ஒரு சிலிர்ப்பு ஓடும். இப்போது ஈப்போவில், புந்தோங் வீட்டில் பேரன் போனில் அதே மாதிரிப் படம் பார்க்கும்போது எட்டிப் பார்க்கிறேன். அந்தச் சிலிர்ப்பு வருவதில்லை. வயசாகிவிட்டது, அது வேறு கதை.

மண்டபத்துக்கு ஜாகா, காவல்காரர், எங்கள் பெரியப்பா. டிவி ஒரு மரப்பெட்டிக்குள் இருக்கும், அதன் சாவி அவர் இடுப்பில். கல்யாணம் கட்டாதவர், எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு நடந்துகொண்டே தின்பார். பேசும்போதும் வாசலுக்கும் குழாய்க்கும் இடையில் நடப்பார். ராத்திரி படுத்தாலும் கால் மட்டும் ஆடிக்கொண்டே இருக்கும் என்று அப்பா சொல்வார். காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவர் என்று லயமே கேலி செய்யும்.

அவர் மல்யுத்தம் பார்க்க விடுவார், செய்தி பார்க்க விடுவார். இரும்பு மனிதனை மட்டும் ஆகாது.

"எவனாச்சும் புத்தி உள்ளவன் இதப் பாப்பானாலா? இரும்புப் பொம்ம சண்ட போடுதாம், ஒரு பொடியன் உள்ள குந்திக்கிட்டு ஓட்றானாம். அதுக்கு எண்ண ஊத்துறது யாரு, ஒங்க அப்பனா?"

இப்படிச் சொல்லிக்கொண்டே டிவியை அடைத்துவிடுவார். வாராவாரம் எங்களுக்குக் கிடைத்தது அந்தப் பாட்டும் அதற்குப் பிறகு ஒரு நிமிஷமும்தான். மீதியைத் தெரிந்துகொள்ளாமல் ஒரு வாரம் முழுக்கத் தவிப்போம். ரப்பர் வெளிக்காட்டில் அம்மாவுக்கு உறைந்த பால்கொட்டை பொறுக்கிக் கொடுக்கும்போதுகூட என் கை ஒரு பக்கம், மனசு ஒரு பக்கம்.

நான் நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஆனால் ஒன்றைக் கவனித்தேன். பெரியப்பா பாட்டு முடியும்வரை வாசலில் நின்று பார்ப்பார். இரும்பு மனிதன் எழுந்து நின்றாலும் பேசாமல் இருப்பார். தொப்பி போட்ட அதிகாரி ஒருவன் வந்து வாயைத் திறந்து கத்துவான் பாருங்கள், அப்போதுதான் பாய்ந்து வந்து அடைப்பார். சரி, இவருக்குச் சத்தம்தான் பிடிக்கவில்லை என்று நானாக முடிவுகட்டினேன்.

அக்காவிடம் சொன்னேன். அவள் டவுன் பள்ளிக்கூடத்தில் படித்தவள். அந்தப் படத்தில் பேச்சு ஜப்பான் பாஷையில் இருக்கும், கீழே மலாய் எழுத்து ஓடும். எங்களுக்கும் எழுத்து தெரியும். ஆனால் எழுத்துக் கூட்டி முடிப்பதற்குள் வரி ஓடிவிடும். அக்காதான் மடமடவென்று படிப்பாள். அவள் நேரே பெரியப்பாவிடம் போனாள்.

"பெரியப்பா, சத்தத்தச் சுத்தமா கொறைச்சுர்றோம். நானே படிச்சுச் சொல்லிர்றேன். பாக்க விடுங்க பெரியப்பா."

அவர் மூன்று தரம் வாசலுக்கும் குழாய்க்கும் நடந்தார். "ஒரு சொல்லு வெளிய கேட்டுச்சு, பெட்டியவே பூட்டிருவேன்" என்றார்.

அப்படித்தான் நாங்கள் ஊமைப் படம் பார்த்தோம். அக்கா தமிழில் சொல்லச் சொல்ல மண்டபமே வாய் பிளந்து கேட்கும். பெரியப்பா எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வாசலில் நடப்பார். இரண்டாம் வாரம் நடை மெதுவானது. மூன்றாம் வாரம், இரும்பு மனிதனின் கையை எதிரி வெட்டியபோது உள்ளே இருக்கிற பொடியன் தன் கையைப் பிடித்துக்கொண்டு துடித்தான். "அவனுக்கும் வலிக்குதாம்" என்று அக்கா சொன்னாள். பெரியப்பா திரும்பிப் பார்த்துவிட்டார். செவ்வாய்க்கிழமை குழாயடியில் என்னை நிறுத்தி, யாருக்கும் கேட்காத குரலில் கேட்டார்.

"அந்தப் பொடியன் கை சரியாயிருமாடா?"

"தெரியல பெரியப்பா. சனிக்கெழம பாத்தாத்தான் தெரியும்."

"சும்மா கேட்டேன்லா. போ, போ, கச்சாவ் பண்ணித் தொல்ல குடுக்காத."

நாலாம் வாரம் படம் ஒரு கெட்ட இடத்தில் நின்றது. பொடியனுடைய கூட்டாளி அடிபட்டு, எரிகிற இன்னொரு இரும்பு மனிதனுக்குள் மாட்டிக்கொண்டான். அந்த வாரம் பார்த்து அக்கா வயசுக்கு வந்துவிட்டாள். வீட்டுக்குப் பின்னால் தென்னங்கீற்றில் மறைப்புக் கட்டி, பதினாறு நாள் அதற்குள் உட்காரவைத்துவிட்டார்கள். தாய்மாமன் சீர், புட்டு, நல்லெண்ணெய் என்று வீடே மகிழ்ந்தது. எனக்கு அழுகை வந்தது. படத்தை யார் படிப்பார்கள்?

சனிக்கிழமை வந்தது. நாங்கள் ஆறு பேர் மண்டபத்தில். சத்தம் இல்லை. அதிகாரி கத்துகிறான், பொடியன் அழுகிறான், ஒன்றும் விளங்கவில்லை. பெரியப்பா வாசலுக்கும் டிவிக்கும் இடையில் நடந்தார். நின்றார். மறுபடி நடந்தார். பிறகு அவரே வந்து, தன் கையாலேயே சத்தத்தைத் திருகினார்.

அதிகாரியின் குரல் மண்டபத்தில் வெடித்தது. பெரியப்பா அதைக் கேட்டு, கைகள் இரண்டும் தொடையோடு ஒட்ட நிமிர்ந்து நின்றார். டிவியைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துச் சொன்னார்:

"சீக்கிரம்ங்கறான்... திரும்பி நடங்கறான்... விழுந்தவன விடு, நீ நடங்கறான்."

நாங்கள் மலைத்துப்போனோம். எங்கள் பெரியப்பாவுக்கு ஜப்பான் பாஷை தெரியும்! எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பொடியன் திரும்பி நடக்கவில்லை. எரிகிற கூட்டாளியின் பக்கத்தில் இரும்பு மனிதனை மண்டியிட வைத்தான். மெதுவாக என்னவோ சொன்னான். சொல்லிவிட்டு அப்படியே இருந்தான். கீழே எழுத்தும் அப்படியே நின்றது.

"என்ன பெரியப்பா சொல்றான்?"

"தெரியலடா."

"இப்ப வரைக்கும் சொன்னீங்க?"

"இந்தச் சொல்லு எனக்குத் தெரியாது."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "எங்க படிச்சீங்க?"

"சயாம்ல."

"எத்தன வருசம்?"

"மூணு."

"மூணு வருசத்துல இதச் சொல்லிக் குடுக்கலையா?"

"சொல்லிக் குடுக்கல" என்றார் பெரியப்பா. பிறகு திடீரென்று, "எழுத்தப் பாருங்கடா, மறையப் போவுது! ஆளுக்கு அஞ்சு எழுத்தப் புடிச்சுக்கிட்டு அக்காகிட்ட ஓடுங்க!" என்றார்.

அதன்படி ஆளுக்கு அஞ்சு எழுத்தாகப் பங்கு போட்டுக்கொண்டு ஓடினோம். "எம், ஏ, ஏ, எப், கே" என்று நான் கத்திக்கொண்டு முன்னால். நாலாவதாக ஓடி வந்தவன் லயத்துக் கால்வாயில் விழுந்து, எழுந்தபோது தன்னுடைய எழுத்துகளை மறந்துவிட்டிருந்தான். கீற்று மறைப்புக்கு முன்னால் அம்மா விளக்குமாற்றோடு வந்தாள்.

"ஆம்பளப் பயலுவளுக்கு இங்க என்னடா வேல?"

அதற்குள் நாங்கள் கீற்றைப் பார்த்து எழுத்துகளைக் கொட்டிவிட்டோம். உள்ளேயிருந்து அக்கா, "ஒருத்தர் ஒருத்தரா சொல்லுங்கடா" என்றாள். இரண்டு தரம் சொன்னோம். கால்வாயில் விழுந்த எழுத்துகளை அவளே ஊகித்துக்கொண்டாள்.

பெரியப்பாவும் பின்னாலேயே வந்திருந்தார். மறைப்புக்குப் பக்கத்தில் ஆம்பிளைகள் வரக்கூடாது என்பதால், துணி துவைக்கிற கல்லுக்கு அருகில் நின்று கேட்டார்.

"என்னம்மா சொல்றான்?"

"'என்ன மன்னிச்சிரு. ஒன்ன விட்டுட்டுப் போமாட்டேன்'னு சொல்றான் பெரியப்பா."

"யாரு? தொப்பிக்காரனா?"

"இல்ல, பொடியன்."

"அந்தப் பாஷையிலயா சொல்றான்?"

"படமே அந்தப் பாஷதானே பெரியப்பா."

பெரியப்பா துவைக்கிற கல்லின் மேல் உட்கார்ந்தார். ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார். அம்மா விளக்குமாற்றைக் கீழே போட்டுவிட்டு உள்ளே போய், ஒரு செம்புத் தண்ணீர் கொண்டுவந்து அவர் பக்கத்தில் வைத்தாள். அவர் கால் ஆடவில்லை என்பதை மட்டும் பார்த்தேன். எனக்கு என் கவலை: ஓடி வந்ததில் படத்தின் மீதி போய்விட்டதே.

அடுத்த சனிக்கிழமை அவரே நேரத்தோடு பெட்டியைத் திறந்து, சத்தத்தைக் கூட்டி, எங்களோடு பாயில் உட்கார்ந்தார். மண்டபத்தைத் தாண்டிப் போன லாரி டிரைவர் ஒருவர், "என்ன ஜாகாண்ணே, இந்த வயசுல பொம்மப் படமா?" என்று கேலி செய்தார்.

"அது பொம்ம இல்லலா. உள்ள ஆளு இருக்கு" என்றார் பெரியப்பா.

என் பெரியப்பா சயாமில் ஜப்பான் பாஷை படித்தவர் என்று நான் தோட்டம் முழுக்கச் சொல்லித் திரிந்தேன். சின்னவர்கள் வியந்தார்கள். பெரியவர்கள் ஏன் முகத்தைத் திருப்பிக்கொண்டு வேலையைப் பார்க்கிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. பெரியப்பா செத்த பிறகுதான் அம்மா சொன்னாள். ஜப்பான்காரன் காலத்தில் சயாமுக்கு ரயில் ரோடு போடப் பிடித்துக்கொண்டு போனவர்களில் பெரியப்பாவும் அவருக்கு அடுத்த தம்பியும் இருந்தார்கள். வழியில் காய்ச்சலில் தம்பி விழுந்தான். நட என்றார்கள். பெரியப்பா நடந்தார். எனக்கு இன்னொரு பெரியப்பா இருந்தார் என்பதே அன்றைக்குத்தான் தெரியும்.

அந்தப் படத்தைச் செய்தவர்கள் யார் என்று எனக்குத் தெரியாது. இப்போது ஈப்போவிலிருந்து எத்தனையோ பிள்ளைகள் அந்த நாட்டுக்குப் படிக்கப் போகிறார்கள். உங்கள் வீட்டுப் பிள்ளை யாராவது போனால், அந்த மாதிரிப் படம் வரைகிறவர்களை எங்கேயாவது பார்த்தால், ஒரு சேதி சொல்லச் சொல்லுங்கள். பேராக்கில் ஒரு தோட்டத்து ஜாகா, அவர்கள் பாஷையில் அந்தச் சொல்லும் இருக்கிறது என்று தெரிந்த அன்றைக்கு, கொஞ்ச நேரம் உட்கார்ந்தார் என்று.